படகுப் பங்கை விற்றுப் பொறியியல் வேண்டாம்

பாம்பனிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகளை நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் பொறியியல் சேர்த்தால்தான் குடும்பத்துக்குக் கௌரவம் என்கிறார் சென்னைக் கொழுந்தனார். அதற்காக விசைப்படகில் இருக்கும் பங்கை விற்று, நகையையும் அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதி அனுப்ப எனக்கும் தெரியும். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில்தான் நிற்கிறீர்கள். விற்காதீர்கள், அடகும் வைக்காதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். அந்தச் சூட்டோடு சூடாகக் கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும். வட்டிக்குத் தடைக்காலம் கிடையாது. நான்கு வருடமும் இதே கதைதான்.

நர்சிங், ஆசிரியர் பயிற்சி, அரசுத் தேர்வு பற்றி ஊரே சொல்லும், விட்டுவிடுகிறேன். மகள் மீன் ஏலக் கணக்குக்கு ஒரு இணையப் பக்கம் செய்தாள், நண்டு 12 கிலோவையும் 8 கிலோவையும் கூட்டினால் 128 என்று வந்தது, சரிசெய்கிறேன் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தாள் என்று புகார் போல எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

அவள் தொட்டிருப்பது ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய கணினி நிரல் மொழி. இணையப் பக்கங்களைத் திறக்கும் எல்லா பிரவுசரிலும் கூடவே வருகிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எடையைத் தட்டியதும், பக்கம் மறுபடி திறக்காமலே தொகை மாறுகிறதல்லவா, அது இதன் வேலை. கட்டத்தில் தட்டுவதை பிரவுசர் எழுத்தாகத்தான் எடுத்துக் கொடுக்கும். கூட்டல் குறி போட்டால் 12க்குப் பக்கத்தில் 8 போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணாக மாற்றிய பிறகே 20 வரும். புதிதாகக் கற்பவர்கள் வழக்கமாக விழுகிற பள்ளம் இது. அவள் தானாக ஏறி வந்திருக்கிறாள்.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ராமேஸ்வரத்திலும் ராமநாதபுரத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கு விண்ணப்பியுங்கள். மூன்று வருடம், விரும்பினால் பிறகு இரண்டு வருடம் எம்.சி.ஏ. செலவு செய்தே தீர வேண்டும் என்றால் ஒரு லேப்டாப் வாங்குங்கள், பழையதானாலும் போதும். செல்போனில் இதை ஒழுங்காகக் கற்க முடியாது. லேப்டாப்பில் எஃப் 12 விசையை அழுத்தினால் எந்த வரியில் பிழை என்று பிரவுசரே காட்டும். மொஸில்லாவின் எம்டிஎன் என்ற இணையதளத்தில் பாடங்கள் இலவசம். செய்த பக்கத்தை, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்ற தளத்தில் காசில்லாமல் ஏற்றி வைக்கலாம். நாளை வேலை கேட்கும்போது அந்த முகவரியையே கொடுக்கலாம். வேலைக்கு உத்தரவாதம் என்று பலகை மாட்டிப் பணம் கேட்கும் பயிற்சி மையத்தின் படியேறாதீர்கள்.

இதோடு நின்றுவிடவும் கூடாது. பிரவுசரில் ஓடும் நிரலைப் பயன்படுத்துபவர் யாரும் திறந்து மாற்றிவிடலாம். அதனால் கடவுச்சொல்லையும் பணக் கணக்கையும் இணையப் பக்கத்தை அனுப்பி வைக்கும் கணினியான சர்வரில்தான் சரிபார்க்க வேண்டும். இரண்டாம் வருடத்தில், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட உதவும் நோட்.ஜேஎஸ் படிக்கட்டும், மொழி அதேதான். பி.இ. மட்டுமே கேட்கும் நிறுவனங்களும் உண்டு, ஆரம்பச் சம்பளம் சிறிதாகவும் இருக்கலாம், மறைக்கவில்லை. ஆனால் தலையில் கடன் இருக்காது.

கொழுந்தனாரிடம் கட்டணம், விடுதி, வட்டி எல்லாவற்றையும் நான்கு வருடத்துக்குக் கூட்டி ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் தன் பங்கு எவ்வளவு என்றும் கீழே எழுதட்டும்.