வெள்ளீயம் தாங்கும் சல்பேட்

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் நிலவியல் படிக்கும் என் பேரன், வெள்ளீயம் கலந்த அபூர்வமான சல்பேட் கனிமம் ஒன்று சைபீரியாவில் இருப்பதாகச் சொன்னான். நான் அறிந்த வெள்ளீயமெல்லாம் என் பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்புதான். அந்தக் கனிமத்தின் படிகம் எப்படிப்பட்டது? நம் நாட்டில் கிடைக்குமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தங்கள் பேரன் சொன்ன கனிமம் ஜென்பிளெசைட்டாக இருக்க வேண்டும். சைபீரியாவின் நோரில்ஸ்க் பகுதியில், தல்னாக் ஊரை அடுத்த ஒக்தியாப்ர்ஸ்கி சுரங்கத்தில் கண்டெடுக்கப்பட்ட இதைத் தனிக் கனிமம் எனப் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் 2014இல் ஏற்றுக்கொண்டது. நிக்கலும் செம்பும் பலேடியமும் தோண்டப்படும் இடம் அது. நம் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைகளோடு நிலவியலார் அடிக்கடி ஒப்பிட்டுப் பேசும் இடமும் அதுவே.

பாட்டியின் சொம்புக்கான உலோகம் இத்தகைய கனிமத்திலிருந்து வருவதில்லை. உலகத்து வெள்ளீயத்தில் பெரும்பகுதி காசிட்டரைட் என்னும் ஆக்சைடிலிருந்தே பிரிக்கப்படுகிறது. கறுத்து, கையில் கனக்கும் அந்தக் கல்லில் ஏறத்தாழ 79 விழுக்காடு வெள்ளீயம். ஜென்பிளெசைட்டிலோ, அதன் வாய்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், சுமார் 20 விழுக்காடுதான். காசிட்டரைட்டின் அடர்த்தி 7ஐ ஒட்டி இருக்க, இதன் அடர்த்தி 2.8 அளவே. நிறமற்ற சிறு படிகங்களாகக் கிடைக்கும் இதை உருக்கிச் சொம்பு வார்க்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டியதில்லை.

'வெள்ளீய சல்பேட்' என்று சுருக்கிச் சொல்வதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. இதன் ஒரு வாய்பாட்டு அலகில் மூன்று கால்சியம், ஒரு வெள்ளீயம், இரண்டு சல்பேட், ஆறு ஹைட்ராக்சைடு, மூன்று நீர் மூலக்கூறுகள் உள்ளன. அந்த ஆறு ஹைட்ராக்சைடுகளும் வெள்ளீயத்தைச் சூழ்ந்து நின்று ஓர் எண்முகியாக அமைகின்றன; கந்தகமோ நான்கு ஆக்சிஜன்களுடன் தனியே ஒரு நான்முகியாக நிற்கிறது. இரண்டையும் இணைப்பது கால்சியம். ஆகவே வெள்ளீயம் குடியிருப்பது ஹைட்ராக்சைடு வீட்டில். சல்பேட் அதற்கு அடுத்த வீடு. நான்கு மின்சுமை கொண்ட வெள்ளீய அயனி ஆக்சிஜனையும் ஹைட்ராக்சைடையும் அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்வதால், நீர் உள்ள சூழலில் சல்பேட்டுக்கு அதன் அருகே இடம் கிடைப்பது அரிது. இவ்வகைக் கனிமங்கள் அபூர்வமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

படிகம் அறுகோண அமைப்பைச் சேர்ந்தது. திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அதன் அடிப்படைக் கூடு அடியில் சுமார் 8.51 ஆங்ஸ்ட்ராம், உயரத்தில் சுமார் 11.14 ஆங்ஸ்ட்ராம், ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அறுகோணப் படிகம் ஆதலால், நெட்டச்சின் வழியே செல்லும் ஒளி பிளவுபடாது. மற்றத் திசைகளில் செல்லும்போது இரண்டாகப் பிரியும்.

நம் நாட்டில் இது கிடைக்குமா என்றால், ரூய்பெர்க் மலைகளில் ஐரோப்பியர் வருமுன்பே தோண்டப்பட்ட வெள்ளீயம் காசிட்டரைட்தான். ஆனால் ஜென்பிளெசைட்டின் உறவினர்கள் நமக்கு வெகு தொலைவில் இல்லை. அண்டை நாடான நமீபியாவின் சுமேப் சுரங்கம் தந்த ஷௌர்டைட்டில், வெள்ளீயம் இருக்க வேண்டிய இடத்தில் ஜெர்மானியம் இருக்கிறது. மற்றபடி வாய்பாடு அப்படியே அதுதான். தனிம அட்டவணையில் அதே நெடுவரிசையில் இன்னும் மேலே உள்ள சிலிக்கானும், வடக்குக் கேப் மாநிலத்துக் கலஹாரி மாங்கனீசுச் சுரங்கங்களில் கிடைக்கும் தௌமசைட்டில் ஆறு ஹைட்ராக்சைடுகளின் நடுவே அமர்ந்திருக்கிறது. வழக்கமாக நான்கு ஆக்சிஜன்களோடு நிறைவடைந்துவிடும் சிலிக்கான், மேற்பரப்புக் கனிமம் ஒன்றில் இப்படி ஆறுக்கு ஆசைப்படுவது, என் கண்ணுக்கு வெள்ளீயத்தைவிடப் பெரிய விந்தை.

அதே சுரங்கங்களின் எட்ரிங்கைட்டில் இந்த இடம் அலுமினியத்துக்கு. எலுமிச்சை மஞ்சளில், ஆறு பட்டையும் சீவிய பென்சில் போல நிற்கும் அதன் படிகங்கள் பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். பேரனை அதில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.