ஸ்கோப்பில் திரும்பத் திரும்ப சூடோமோனாஸ்: ஈரத்தைத் தேடுங்கள்

கிருமிநாசினியை மாற்றியும் அதே கொலோனோஸ்கோப்பின் (பெருங்குடலுக்குள் பார்க்கும் குழாய்க் கருவி) கல்ச்சரில், அதாவது கிருமி வளர்ப்புச் சோதனையில், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழியைத் திரவத்தின் மேல் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். காலையில் அலமாரியிலிருந்து ஸ்கோப்பை எடுத்ததும் உட்குழாயில் காற்றைச் செலுத்தி, நுனியில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். ஈரம் தெறித்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. இந்தக் கிருமிக்குத் தண்ணீர்தான் தாய்வீடு. மிஞ்சிய துளிகளிலேயே இரவோடு இரவாகப் பெருகிவிடும். அதனால் கழுவிய பின், அலமாரியில் வைக்குமுன், வடிகட்டிய காற்றை எல்லாக் குழாய்களிலும் குறைந்தது 10 நிமிடம் செலுத்துங்கள். தனியாக நீர் பாய்ச்சும் துணைநீர்க் குழாயைப் பலரும் விட்டுவிடுவார்கள் (நானும் விட்டவன்தான்). வால்வுகளைக் கழற்றிய நிலையிலேயே செங்குத்தாகத் தொங்கவிடுங்கள்.

துணி உலர்ந்தே இருந்தால் அடுத்த சந்தேகம் ஸ்கோப் கழுவும் இயந்திரத்தின் கடைசி அலசல் நீர். அதையும் கல்ச்சருக்கு அனுப்பி, அந்த இயந்திரத்தின் நீர் வடிகட்டியைப் பாருங்கள். அதுவும் சுத்தம் என்றால், குழாய் உட்சுவரின் கீறலில் உயிர்ப்படலம் (கிருமிகள் சேர்ந்து உண்டாக்கும் வழுவழுப்பான படலம்) ஒட்டியிருக்கலாம். பிரஷ் போடாமல் எந்தக் கிருமிநாசினியாலும் அதை அசைக்க முடியாது. போரோஸ்கோப்பால் (குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) உள்ளே பார்த்துவிட்டு, தேவையென்றால் தயாரிப்பாளரிடம் பழுதுபார்க்க அனுப்புங்கள்.

கல்ச்சர் சுத்தமாக வரும்வரை அந்த ஸ்கோப்பை எந்த நோயாளிக்கும் பயன்படுத்த வேண்டாம். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.