தூக்கம் தேவையில்லாமல் போனால் அந்த எட்டு மணி நேரம் யாருக்குப் போகும்?

மனிதனுக்குத் தூக்கமே வேண்டாம் என்றாகிவிட்டால் உலகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், பலரும் உடனே சொல்வது தினமும் எட்டு மணி நேரம் மிச்சமாகும், படிக்கலாம், வீணை கற்றுக்கொள்ளலாம் என்பதுதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த எட்டு மணி நேரத்தில் பெரும்பகுதியை வேலைதான் விழுங்கும்.

உடம்பு விஷயத்தை ஒதுக்கிவிடுவோம். ஆழ்ந்த தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பது, பகலில் கற்றது நினைவில் பதிவது எல்லாம் விழித்திருக்கும்போதே நடந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் மிஞ்சுவது நேரக் கணக்கு.

மின்விளக்கு வந்தபோது மில்களில் என்ன நடந்தது? நைட் ஷிஃப்ட் வந்தது. எட்டு மணி நேர வேலை என்பதற்காக 1886இல் சிகாகோவில் தொழிலாளர்களின் உயிரே போனது. அதன் நினைவாக வந்த மே தினத்தை 1923இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். சரியாக நூறாவது வருடம், 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறி, பெரிய எதிர்ப்புக்கு அப்புறம் திரும்பப் பெறப்பட்டது. தூங்கியே தீர வேண்டிய உடம்பு இருக்கும்போதே இந்த நிலைமை என்றால், தூக்கம் இல்லாத உலகத்தில் 16, 18 என்று போக என்ன தடை? இன்றைக்குச் சட்டம் ஒரு வரி தெரியாதவர்கூட "கண்ணு சொக்குது சார், கிளம்புறேன்" என்று எழுந்து போக முடிகிறது. அன்றைக்கு எதைச் சொல்லிப் போவார்? எல்லோரும் இரண்டு வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டால் வீட்டு வாடகையும் இரண்டு சம்பளத்துக்கு ஏற்றபடி உயர்ந்துவிடும், ஒரே வேலையோடு நிற்பவர் பிழைக்க முடியாது.

வீட்டுக்குள் இன்னும் மோசம். ராத்திரி இரண்டு மணிக்கு டிபன் கேட்பார்கள், அதைச் செய்யப்போவது பெரும்பாலும் அம்மாதான். என் அம்மாவை யாரும் கூப்பிடாத நேரம் அவர் தூங்கும் நேரம் மட்டும்தான். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், அந்த இடைவெளியில்தான் பெற்றவள் குளிக்கிறாள், சாப்பிடுகிறாள். குழந்தையும் 24 மணி நேரம் விழித்திருந்தால் அவள் என்ன செய்வாள் என்று யோசித்தாலே மனசு கனக்கிறது.

நல்லது ஒன்று நிச்சயம் உண்டு. விடியற்காலையில் ஓட்டுநர் கண்ணயர்ந்து நடக்கும் நெடுஞ்சாலை விபத்துகள் இருக்காது. அதற்காக மட்டும் அந்த உலகம் வரட்டும் என்று சில சமயம் மனதார நினைக்கிறேன்.

2012இல் உச்ச நீதிமன்றம், டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த போராட்டக்காரர்களைப் போலீஸ் நள்ளிரவில் விரட்டிய வழக்கில், தூக்கத்தை வாழும் உரிமையின் பகுதியாகவே ஏற்றது. தூக்கம் போய்விட்டால் அந்த இடத்தில் ஓய்வை எழுதி வைக்க வேண்டியிருக்கும். தூக்கத்தை ஒழிக்கும் மாத்திரை என்று ஒன்று வந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் உறுதியாகும்வரை அதை விற்க விடக் கூடாது என்று போராடுபவர்களோடு நானும் நிற்பேன்.