டீனேஜ் பிள்ளைங்க பத்தி என்ன வேணாலும் கேளுங்க

20 வருஷமா ஹைஸ்கூல் டீச்சர், தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, பையன் பத்தாவது. காலைல 5 மணி டியூஷனுக்கு எழுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. ஏன் இவ்ளோ சோம்பேறித்தனம்?

பதில்: சோம்பேறித்தனம் இல்லம்மா. தூக்கத்தை வரவைக்கிற மெலடோனின் இந்த வயசுல ராத்திரி லேட்டாத்தான் சுரக்கும், சீக்கிரம் படுன்னா கண்ணு மூடாது. 13லேர்ந்து 18 வயசு வரைக்கும் 8லேர்ந்து 10 மணி நேரம் தூங்கணும், 11 மணிக்குப் படுத்து நாலரைக்கு எந்திரிச்சா எவ்ளோ ஆச்சுன்னு நீங்களே பாருங்க. என் கிளாஸ்ல ஒருத்தன், கணக்கு நோட்ல எழுத்து அப்படியே சரிஞ்சு கோடா ஓடி பேஜ் ஓரத்துல நிக்கும், பேனா கையிலதான் இருக்கும், ஆள் தூங்கியிருப்பான். அவங்கப்பாகிட்ட பேசி டியூஷனை சாயங்காலத்துக்கு மாத்த வச்சேன், ரெண்டே வாரத்துல மொகம் தெளிஞ்சிடுச்சு.

கேள்வி: போனை பிடுங்கி வச்சா சரியாயிடுமா?

பதில்: சண்டைதான் மிஞ்சும். ராத்திரி பத்து மணிக்கு வீட்ல எல்லார் போனும், உங்களோடதும் சேத்துதான், ஹால்ல சார்ஜ்ல போட்ருங்க.

கேள்வி: பொண்ணு ப்ளஸ் ஒன். எப்பவும் டயர்டு, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா. லவ் ஏதாச்சும் இருக்குமோ?

பதில்: அவ பேக்கை நோண்டுறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் பாருங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாப்பாங்க. 12க்கு கீழன்னா ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல 15லேர்ந்து 19 வயசு பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு. ஸ்கூல்ல வாரம் ஒரு நீல கலர் இரும்புச்சத்து மாத்திரை குடுக்குறாங்கல்ல, குமட்டுதுன்னு பாதி பேர் ஜன்னல் வழியா வீசிடுறாங்க, நானே பொறுக்கியிருக்கேன். சாப்ட்டுட்டு போட சொல்லுங்க, உடனே டீ காபி வேணாம், இரும்புச்சத்து உடம்புல ஒட்டாது. கொய்யாவோ நெல்லிக்காயோ குடுங்க. மலம் கருப்பா போனா பயப்பட வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, அதுக்கு பயந்தே நிறுத்திடுறாங்க.

கேள்வி: நான் ப்ளஸ் டூ அக்கா. மார்க் போயிடுச்சுன்னா இருக்கவே கூடாதுன்னு தோணுது. வீட்ல சொல்ல முடியல.

பதில்: தம்பி, நீ இத சொன்னதே எனக்கு பெரிய நிம்மதி. இப்பவே 14416க்கு போன் போடு, டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். இன்னிக்கு தனியா படுக்காத, அம்மா பக்கத்துல படு. வாயால சொல்ல வரலன்னா எனக்கு எழுதுன இந்த ரெண்டு வரிய அப்படியே அம்மாகிட்ட காட்டு. மார்க் விஷயம், துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் காலேஜ் சேந்த பசங்க என்கிட்டயே படிச்சிருக்காங்க, அத நாளைக்கு உக்காந்து பேசிக்கலாம். முதல்ல போன். பேசிட்டு எனக்கு மெசேஜ் போடு, நான் முழிச்சுதான் இருக்கேன்.