வாசகர் கேள்வி: வாக்களிப்பவர் ஒருவர், வரி கட்டுபவர் இன்னொருவர்

கேள்வி: கலிஃபோர்னியாவில், காவல் மற்றும் தீயணைப்புச் சேவைக்கான சிறப்பு வரி வட்டாரத்தைப் பக்கத்துப் பகுதிக்கும் விரிவாக்கும்போது, அங்கு வீடு வாங்குவோரின் சம்மதம் ஏன் கேட்கப்படுவதில்லை?

பதில்: இத்தகைய வரி வட்டாரங்களை அமைக்க வழிசெய்யும் 1982ஆம் ஆண்டின் மெல்லோ-ரூஸ் என்ற கலிஃபோர்னியச் சட்டப்படி, புதிதாகச் சேர்க்கப்படும் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் ஆதரவாக விழவேண்டும். ஆனால், அங்கே பதிவுபெற்ற வாக்காளர்கள் 12 பேருக்கும் குறைவாக இருந்தால், ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் வாக்குரிமை நில உரிமையாளர்களுக்குப் போய்விடுகிறது. 40 ஏக்கர் வெற்று நிலத்தை வைத்திருக்கும் கட்டுமான நிறுவனம் ஒன்றே 40 வாக்குகளையும் போட்டு வரியை ஏற்றுக்கொள்ள, ஆண்டுதோறும் அதைக் கட்டுபவர்களோ பின்னால் குடிவருபவர்கள். வீடுகள் பெருகினால் தீயணைப்பு வண்டியும் காவலரும் கூடுதலாகத் தேவை என்பது உண்மைதான். ஆனாலும் இந்த வாக்கெடுப்பு முறை நியாயமானதாக எனக்குப் படவில்லை. விற்பவர் தரவேண்டிய சிறப்பு வரி அறிவிப்பை விலை பேசும் முன்பே கேட்டு வாங்கி, வரி ஆண்டுக்கு எவ்வளவு உயரலாம், அதற்கு முடிவு உண்டா என்று பாருங்கள்.