உளவளத்துணை பட்டப்பின் படிப்பு: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பாடசாலை ஆசிரியையாகத் தொடங்கி, பின்னர் உளவளத்துணையாளராகப் பயிற்சி பெற்றுப் பணியாற்றி வருபவள் என்ற முறையில், இரு மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (களுவாஞ்சிகுடி, ஆசிரியை): மிஸ், நான் கலைமாணிப் பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடித்திருக்கிறேன். பாடசாலையில் வழிகாட்டலும் ஆலோசனையும் என் பொறுப்பில் விடப்பட்டுள்ளது. அடுத்து நான் படிக்க வேண்டியது டிப்ளோமாவா, முதுமாணியா?

பதில்: பாடநெறியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னர், நாட்டின் உயர்கல்வித் தகைமைகளை மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது எத்தனையாவது மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். அதற்குக் குறைந்தது 25 திறமைப்புள்ளிகள் வேண்டும். ஆய்வில்லாத முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளிகள். ஆய்வுடன் கூடிய முதுமாணி 10ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளிகள். ஒரு திறமைப்புள்ளி என்பது வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, களப்பணி அனைத்தும் சேர்ந்த 50 மணித்தியாலக் கற்றலைக் குறிப்பதால், 30 திறமைப்புள்ளிகளுக்கு 1500 மணித்தியாலங்கள் ஆகின்றன. பத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் முதுமாணி தருவதாக ஒருவர் சொன்னால், இந்தக் கணக்கை அவரிடமே போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் மட்டத்தை விடவும் முக்கியமான ஒன்றை ஒருவரும் கேட்பதில்லை. உண்மையான துணைநாடுனரோடு, அதாவது உதவி தேடி வருபவரோடு, எத்தனை மணித்தியாலம் அமர வேண்டும், அந்த அமர்வுகளை யார் மேற்பார்வை செய்வார் என்பதே அது. மேற்பார்வை என்றால் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடுவதல்ல. நீங்கள் பேசியதையும் பேசாமல் விட்டதையும் அனுபவமுள்ள ஒருவர் உங்களோடு இருந்து, “அந்தப் பிள்ளை அழத் தொடங்கியபோது ஏன் உடனே பேச்சை மாற்றினீர்கள்?” என்று கேட்பதே மேற்பார்வை. அந்தக் கேள்வி என்னிடம் முதன்முதலாகக் கேட்கப்பட்ட நாளில் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. ஆயினும் அதுவரை வாசித்த புத்தகங்களை விட அது எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. மேற்பார்வையுள்ள டிப்ளோமாவும் மேற்பார்வையில்லாத முதுமாணியும் முன்னால் இருந்தால், நான் டிப்ளோமாவைத்தான் எடுப்பேன்.

கேள்வி (சம்மாந்துறை, பட்டதாரி): உளவளத்துணையாளர், மருத்துவ உளவியலாளர், மனநல வைத்திய நிபுணர் ஆகிய மூவருக்கும் என்ன வேறுபாடு?

பதில்: மனநல வைத்திய நிபுணர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர், மருந்து எழுதக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதற்பட்டமும் அதன்மேல் மருத்துவ உளவியலில் எம்.பில். (முதுதத்துவமாணி) போன்ற பட்டமும் பெற்று, இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்துகொள்பவர். துயரோடு வருபவரைக் கேட்டும் பேசியும் துணைநிற்கும் உளவளத்துணையாளருக்கு நம் நாட்டில் அத்தகைய சட்டபூர்வமான பதிவு முறை இல்லை. ஆறு வாரச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்ப வேண்டியவர்களை எல்லாம் தாமே பார்ப்பவர்கள் நம் ஊர்களில் உருவாவதற்கு இந்த வெற்றிடமே காரணம் என்பது என் கருத்து.

கேள்வி (அக்கரைப்பற்று): ஒரு தனியார் நிறுவனம் வெளிநாட்டு முதுமாணிப் பட்டத்தை இணையவழியில் ஒரே ஆண்டில் தருவதாக விளம்பரம் செய்கிறது. சேரலாமா?

பதில்: பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னர் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நானும் ஒருமுறை அவசரப்பட்டிருக்கிறேன். ஓர் ஆண்டு முழுவதும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்து படித்த பாடநெறியொன்றில், இறுதி நாள்வரை ஒரு துணைநாடுனரைக்கூட நான் சந்திக்கவில்லை. அந்தச் சான்றிதழ் இன்றும் அலுமாரியில்தான் கிடக்கிறது.

கேள்வி (வாழைச்சேனை): எனக்கு ஆங்கிலம் போதாது. தமிழிலேயே படித்தால் தரம் குறையுமா?

பதில்: வாசிக்க ஆங்கிலம் வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அமர்வு தமிழில்தான் நடக்கப்போகிறது. நம் பக்கத்துத் தாய் ஒருவர் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். “நெஞ்சடைக்குது”, “பெருமூச்சா வருது”, “தலைக்குள்ள எரியுது” என்றுதான் வருவார். அதற்கு முன்னர் வெளிநோயாளர் பிரிவில் இரண்டு தடவை மாத்திரை வாங்கியும் இருப்பார். கோயிலில் நூல் கட்டியிருப்பார், அல்லது ஓதிய தண்ணீர் குடித்திருப்பார். “இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், எது ஆறுதலாக இருந்தது?” என்று கேட்பது அவரை ஏளனம் செய்யாமல் உள்ளே செல்லும் வழி. ஆங்கிலத்தில் மட்டும் ஒத்திகை பார்த்த பயிலுனர் இந்த இடத்தில் வாயடைத்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எந்த மொழியில் படித்தாலும், பாத்திரமேற்றுப் பழகும் பயிற்சியைத் தமிழில் செய்யுங்கள்.

கேள்வி (திருக்கோவில்): அண்ணா அமெரிக்காவில் இருக்கிறார், அங்கே வந்து பாடசாலை உளவளத்துணை படிக்கச் சொல்கிறார்.

பதில்: அங்கே உளவளத்துணைப் பாடநெறிகளை மதிப்பிடும் கேக்ரெப் (CACREP) என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முதுமாணியைத் தேடுங்கள். அதற்கு அங்குள்ள அரையாண்டுத் தவணைக் கணக்கில் 60 திறமைப்புள்ளிகள், 100 மணித்தியால ஆரம்பக் களப்பயிற்சி, அதன்பின் 600 மணித்தியால உள்ளகப் பயிற்சி ஆகியன வேண்டும். இவற்றில் முறையே 40, 240 மணித்தியாலங்கள் துணைநாடுனரோடு நேரடியாகச் செலவிடப்பட வேண்டும். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், எந்த மாநிலத்தில் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அங்குள்ள பாடசாலை உளவளத்துணையாளர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. நம் ஆசிரியைகள் பாடமும் எடுத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

கேள்வி (கல்லாறு): சுனாமியில் அம்மாவை இழந்தபோது நான் சிறு பிள்ளை. நான் இந்தத் துறைக்கு வரலாமா, அக்கா?

பதில்: தாராளமாக வரலாம், தம்பி. ஆனால் படிக்கத் தொடங்கும்போதே நீங்களும் ஒருவரிடம் துணைநாடுனராகச் சென்று அமருங்கள். உங்கள் துயரமும் எதிரில் இருப்பவரின் துயரமும் கலந்துவிடாமல் இருப்பதற்கு அது உதவும். 2004 டிசம்பர் 26க்குப் பின்னர், நாட்டிலேயே அதிகம் பேரை இழந்த அம்பாறைக் கரையோரத்துக்கும் நம் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும், நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைத்தால் மனம் இலேசாகிவிடும் என்று நம்பியவர்களும் வந்தார்கள். அந்த ஒற்றை அமர்வு முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பு, உணவு, உறவினரைச் சேர்த்து வைத்தல், வற்புறுத்தாமல் கேட்டல் என்பவற்றை முன்வைக்கும் உளவியல் முதலுதவிக் கைந்நூலை அது 2011இல் வெளியிட்டது. அதற்கு வெகுமுன்னரே, 1996 முதல், மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஓவியத்தோடும் களிமண்ணோடும் கதைகளோடும் ஒன்றாக இருந்தார்கள். படிப்பின்போது அந்த அனுபவத்தையும் தேடி அறியுங்கள்.

கேள்வி (வெல்லாவெளி, ஆசிரியர்): மாணவி என்னிடம் சொன்னதை அதிபர் கேட்கிறார். சொல்லலாமா?

பதில்: பிள்ளை தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் ஆபத்து, பிறருக்குத் தீங்கு செய்யும் ஆபத்து, பிள்ளை துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகியிருத்தல் ஆகிய சந்தர்ப்பங்களில் இரகசியம் காக்க முடியாது, துஷ்பிரயோகமாயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். மற்றபடி அதிபரிடம், “பிள்ளையைச் சந்தித்து வருகிறேன், அடுத்த வாரமும் ஒரு பாடவேளை வேண்டும்” என்று சொன்னால் போதும். அத்தோடு கதவுள்ள ஓர் அறையையும் கேளுங்கள். ஆசிரியர் ஓய்வறையின் மூலையில் வைத்துப் பேசினால், அதிபர் கேட்காமலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.