நள்ளிரவில் பேசிய தம்பி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். தம்பி பெங்களூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். சில மாதங்களாகச் சனிக்கிழமை நள்ளிரவில் கூப்பிட்டு, "யக்கா, உன்ன மாதிரி யாரும் என்னப் பாத்துக்கிட்டதில்ல" என்று உருகி உருகிப் பேசுவான். அப்படிப் பேசுகிறவனே இல்லை. புதன்கிழமை நான் கூப்பிட்டால் எரிந்து விழுவான். லீவுக்கு வந்தபோது அவன் பையில் சின்ன ஜிப் கவரில் வெள்ளைப் பரல்கள் கிடந்தன. கேட்டதும் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தான். அப்புறம் எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருள் என்று ஒத்துக்கொண்டான். அப்பா வளைகுடாவில் இருக்கிறார். அம்மா ஜெபவீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்கிறாள். ஆளை வைத்துத் தூக்கிப்போய் ஏதாவது மறுவாழ்வு இல்லத்தில் அடைக்கலாம் என்கிறார் மாமா. அந்த நள்ளிரவில் பேசியது என் தம்பியா, போதையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கைக்கு,

பேசியது உங்கள் தம்பிதான். இல்லாத பாசத்தை எம்டிஎம்ஏ உண்டாக்கிவிடாது என்றே நான் நம்புகிறேன். மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரடோனின் என்ற வேதிப்பொருளை அது மொத்தமாகக் கொட்ட வைக்கிறது. மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குக் கூச்சமும் பயமும் விலகிப்போகும். நம் வீடுகளில் வளர்ந்த ஆண்பிள்ளை அக்காவிடம் பாசத்தை வாய்விட்டுச் சொல்ல வழியே இல்லை, அதை அங்கே கண்டுகொண்டிருக்கிறான். ஆனால் கோடைக் கிணற்றை மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தால் மறுபடி ஊற நாளாகும் அல்லவா? புதன்கிழமை எரிச்சலும் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத மனசும் அப்படி வருகிறவை. தட்டை எறிந்ததை வைத்து அவனை அளக்காதீர்கள்.

உங்களைப் போலச் சந்தேகத்தில் இருக்கும் வேறு வீட்டாரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகவும் சொல்கிறேன். எடுத்த இரவில் கண்மணி விரிந்திருக்கும். தாடை இறுகி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருப்பார்கள். அதற்காகவே சிலர் ஓயாமல் சூயிங்கம் மெல்வதுண்டு. கன்னத்தின் உட்புறம் கடிபட்டுப் புண்ணாகியிருக்கும். வேர்த்துக் கொட்டும், பசிக்காது. ஒன்றிரண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது, பரீட்சைக்குப் படிக்கிற பையனும்தான் தூங்கமாட்டான். வார இறுதியில் பொங்குவதும் வார நடுவில் சரிவதும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் அதைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள்.

எம்டிஎம்ஏ என்ற பெயரில் விற்பதில் மெத்தாம்பெட்டமின் என்ற இன்னொரு போதைப்பொருளோ வேறு எதுவோ கலந்திருக்கலாம். உடம்பு அனலாகக் கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். போலீஸ் வருமோ என்று தயங்கும் நேரத்தில் உயிர் போய்விடும்.

போதையில் இருக்கும்போதும் சரிவில் கிடக்கும்போதும் புத்தி சொல்லாதீர்கள். கொஞ்சம் தெளிந்த ஒரு பகலில், "நீ ராத்திரி சொன்னதெல்லாம் கேட்டேன் மக்கா, எனக்கும் அப்படித்தான்" என்று ஆரம்பியுங்கள். ஆனால் சரிவு நாட்களில் ஒன்றை மட்டும் நேராகவே கேட்க வேண்டும்: சாகத் தோன்றுகிறதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இந்தப் பழக்கத்தை நிறுத்தவென்று தனி மாத்திரை கிடையாது. உளவியல் ஆலோசனைதான் சிகிச்சை, அதற்குப் பொறுமை வேண்டும். நமக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவன் பெங்களூரிலேயே இருந்தால் அங்கிருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் உண்டு. 14446 தேசிய போதை மீட்பு உதவி எண். டாக்டரிடம் எம்டிஎம்ஏ என்று பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் அதனோடு சேர்ந்தால் ஆபத்து.

வீட்டுக்கொரு நர்ஸ் இருக்கும் மாவட்டம் இது, சபையில் தெரிந்துவிடும் என்று அம்மா பயப்படுவாள். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. வழக்குப் பயமும் இருக்கும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பாருங்கள். உட்கொண்டதற்கோ சிறிய அளவு (எம்டிஎம்ஏவுக்கு அரை கிராம்) தொடர்பாகவோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறுகிற, போதைக்கு அடிமையானவருக்கு அது விலக்குத் தருகிறது. இதை ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மாமாவின் யோசனையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அடித்துத் தூக்கிப்போனால் அவன் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். எந்த இல்லமானாலும் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் உள்ளே போய்ப் பார்க்கலாமா, அவன் போனில் பேசலாமா என்று கேளுங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள். அம்மா ஜெபிக்கட்டும், அது அவளுக்குப் பலம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவளும் கூட உட்காரட்டும்.

நடுவில் ஒருமுறை மறுபடி எடுத்துவிட்டான் என்று தெரிந்தால் சிகிச்சை தோற்றதாக நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அதையும் டாக்டரிடம் அவனே சொல்லட்டும். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்